சிந்தனைச் சுழலும் சித்த அமைதியும்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முன்னாளிலே துலா மிதித்து நீர் இறைத்தோர், கடைசிப் பாத்தியும் நிரம்பியவுடன் துலாவினின்றும் இறங்கிவிடுவர். பயிர் நனைந்தபின்னும் இறைத்துக்கொண்டிருப்பவனைக் கடும் உழைப்பாளியென ஊரார் புகழார். வரம்பு உடையும், வேர் அழுகும், மிதித்தவன் காலும் சோரும். நமது மனமோ பெரும்பாலும் அவ்வாறே இறைக்கின்றது. ஒரு காரியத்தைக் குறித்து எண்ணவேண்டிய அளவு எண்ணி முடிந்தபின்னும், எண்ணியதையே மீட்டும் மீட்டும் எண்ணி, இரவின் நித்திரையையும் பகலின் ஊக்கத்தையும் ஒருங்கே இழக்கின்றோம். இதனை ஈண்டு மிகைச்சிந்தனை என வழங்குவோம்.

மிகைச்சிந்தனையை அறிவின் மிகுதியெனக் கொள்ளுதல் பிழை. ஆராய்ச்சியாவது ஒரு வினாவினின்றும் புறப்பட்டு ஒரு துணிபிற் சென்று முடிவது. மிகைச்சிந்தனை செக்கிழுக்கும் மாடுபோல நாள்முழுதும் நடந்தும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பது. இரண்டும் புறத்தே நோக்குவார்க்கு ஒன்றுபோலத் தோன்றும்; நமக்கே அவ்வாறு தோன்றுதல்தான் ஆபத்து.

இதன் இயல்பை விளங்கிக்கொள்ளுதற்குச் சித்தாந்த நூல்கள் கூறும் அந்தக்கரண இலக்கணம் பெரிதும் துணைசெய்யும். சித்தம் சிந்திப்பது, மனம் பற்றி ஐயுறுவது, அகங்காரம் நான் எனக் கொண்டெழுவது, புத்தி இன்னதென நிச்சயிப்பது. இந்நான்கும் ஆன்மா அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்ட தேவர், பன்னிரண்டு சூத்திரமாகிய தமது சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்திலே, ஆன்மாவை அரசனுக்கும் கரணங்களை அவன் அமைச்சருக்கும் ஒப்பிட்டார். உவமையைச் சிறிது விரித்து நோக்குவோம். அமைச்சர் கூடி ஆலோசிக்கின்றனர். புத்தியாகிய அமைச்சன் முடிவு கூறுகின்றான். அரசன் ஆணையும் பிறந்துவிட்டது. ஆயினும் சபை கலையவில்லை. ஐயமே தொழிலாகவுடைய மனம் மீண்டும் எழுந்து, ‘ஒருகால் அப்படியாயின்?’ என்று வினாவுகின்றது. அகங்காரம், ‘என் மதிப்பு என்னாவது?’ என்கின்றது. சித்தம் பழைய ஓலைகளையெல்லாம் அவிழ்க்கின்றது. அரசனோ தான் அரசன் என்பதை மறந்து, அவர்கள் கூச்சலையே தன் குரலென்று எண்ணிச் சிங்காசனத்திற் செயலற்று இருக்கின்றான். நள்ளிரவிலே கண்விழித்துக் கிடக்கும் நம் நிலைமை இதுவே.

ஏனைத் தொழிலாளரினும் உபாத்தியாயர்க்கு இந்நோய் எளிதிற் பற்றும். தச்சன் மேசையைச் செய்து முடித்தால் அது முடிந்ததென்று அவன் கண்ணே காட்டும். நாம் இன்று கற்பித்தது பயன்பட்டதோ அன்றோ என்பது பத்தாண்டு கழித்தே தெரியும். சிலபோது தெரியாமலே போம். முடிவு காணாத வேலையை மனம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகின்றது.

இவ்விடத்து நமது அநுபவம் ஒன்றை மறையாது கூறுதல் கடனாகும். பல்லாண்டுகளுக்குமுன், எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் வீட்டுக்கணக்குச் செய்யாது வந்தமைக்காக, அவனை வகுப்பின்முன் நிறுத்தி, அவன் தந்தையின் தொழிலையுஞ் சேர்த்து ஒரு சொற் கூறிவிட்டோம். கூறிய கணத்திலேயே தவறென்பது விளங்கிற்று. மறுநாள் அவன் வரவில்லை. அன்றிரவு படுக்கையிற் கிடந்து, அச்சொல்லை ஏன் கூறினோம், அவன் முகம் எவ்வாறு மாறிற்று, தாய் என்ன நினைத்திருப்பாள், நேரிற் சென்று பொறுத்துக்கொள்ளும்படி கேட்டால் மற்றை மாணாக்கர் நம்மை மதிப்பரோ எனப் பலவாறு எண்ணினோம். அடுத்த இரவும் அவ்வாறே. போகவேண்டும் என்பதைப் புத்தி முதலிரவிலேயே நிச்சயித்துவிட்டது. போகாமைக்கு ஒவ்வோரிரவும் ஒரு புதிய நியாயம் பிறந்தது. பதினோராம் நாள் மாலை சைக்கிளில் ஏறிச் சென்றோம். கால்மணி நேரமும் ஆகவில்லை. தாயார் படலையில் நின்றபடியே, “வாத்தியார், அவனை முந்தநாள் வவுனியாவுக்கு மாமன் வீட்டை அனுப்பிப்போட்டம், இனி அங்கைதான் படிப்பான். முதற்கிழமை முழுக்க நீங்கள் வருவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தவன்” என்றார்.

அப்பதினொரு நாளும் நாம் வருந்தினோம் என்பதே நமக்கு ஆறுதலாயிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். வருத்தமே பிராயச்சித்தம் போலத் தோன்றிச் செய்யவேண்டிய பிராயச்சித்தத்தை மறைத்துவிட்டது. ஆகலின், மிகைச்சிந்தனையை விடுக என்பார்க்குப் பொறுப்பை விடுக என்பது கருத்தன்று. பொறுப்பைச் செய்யவிடாது தடுப்பதே மிகைச்சிந்தனை.

அற்றேல், அதனை விடுமாறு யாங்ஙனம்? நினையாதே என்று மனத்தை அதட்டுதலால் அது போகாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினையாதே என்ற வைத்தியர் கதையை அறியாதார் யார்? நோயாளி அதுவரை குரங்கை நினைத்தவனல்லன். அதன்பின் குரங்கின்றி ஒரு வேளையும் மருந்து குடித்தானல்லன். நம் பாட்டிமார் கூறிய இவ்வுண்மையை 1987ஆம் ஆண்டில் டானியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளநூலாசிரியரும் அவருடன் சேர்ந்தோரும் பரிசோதித்துக் காட்டினர். வெண்கரடியை நினையாதிருக்கும்படி மாணாக்கர்க்குக் கூறி, நினைவு வந்தால் மணியடிக்குமாறு பணித்தனர். மணி ஓயவில்லை. இதனினும் வியப்பு யாதெனின், பின்பு நினைக்கலாமென்று அனுமதித்தபோது, முதலிலேயே அனுமதி பெற்றவரினும் தடுக்கப்பட்டிருந்தவரே கரடியை மிகுதியாக நினைத்தனர். குரங்கு கரடியாயிற்றேயன்றிக் கதை மாறவில்லை.

நாம் பயின்றது மிஷனார் நடத்திய பாடசாலை. அங்கே ஆசிரியர் ஒருவர், வில்லியம் ஜேம்ஸ் என்பார் ஆசிரியர்க்கு ஆற்றிய உளநூற் சொற்பொழிவுகளைக் கொண்ட நூலை வாசிக்கத் தந்தார். அது 1899இல் வெளிவந்தது. தளர்ந்திருத்தலின் நன்மையைக் கூறும் கட்டுரையொன்றும் அந்நூலில் உண்டு. தீர்மானம் செய்யுமட்டும் கவலைப்படலாம், தீர்மானித்துச் செயலில் இறங்கியபின் பயனைப்பற்றிய கவலையை முற்றும் கைவிடுக என்பதும், பாடத்தை நன்கு ஆயத்தஞ் செய்த ஆசிரியர் வகுப்பிலே தம்மை மறந்து பேசுக என்பதும் அதன் கருத்து. கையில் அப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, வினைப்பயனை இறைவன்பால் ஒப்புவித்தலைப்பற்றி நம் வீட்டில் முதியோர் நாள்தோறும் கூறியதை இவர் எங்கே கேட்டார் என்று இளமையில் நாம் வியந்ததுண்டு. ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. விடு என்பதோடு ஜேம்ஸின் உபதேசம் பெரும்பாலும் நிற்கின்றது. யாரிடத்து விடுவது என்பதையும் சைவர் கூறுகின்றனர். பாரத்தை நிலத்தில் எறிதலும் வாங்குவோன் கையிற் கொடுத்தலும் ஒன்றல்ல.

அருணகிரிநாதருக்கு முருகப்பெருமான் உபதேசித்ததாக மரபு கூறும் ‘சும்மா இருத்தல்’ இதுவே. நம் நாட்டிலே கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளும் தம்மிடம் வந்தாரிற் பலர்க்கு இதனையே கூறினர். சோம்பேறிகளுக்கு இவ்வுபதேசம் மிகவும் பிடிக்கும். நமது சகபாடிகளிலும் இதனைத் தவறாது அநுட்டிப்போர் சிலர் உளர்! சுவாமிகளோ கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியக் காப்பாளராய்ப் பல்லாண்டு கணக்கெழுதியவர். அவர் கூறியது கை சும்மா இருத்தல் அன்று என்க.

செய்கை முறையில் ஒன்று கூறுவோம். மனத்துக்கு விலக்குக் கொடாது வேலை கொடுத்தல் நன்று. எண்ணச் சுழல் தொடங்கும்போது, ‘மனம் ஐயுறுகின்றது’ என்று அதன் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டு, சுவாசத்தை நீள வெளிவிட்டு, ஐந்தெழுத்தை அதனோடு சேர்த்துக் கணிக்க. உள்ளிழுக்கும்போது இருதயத் துடிப்புச் சிறிது விரைதலும் வெளிவிடும்போது தணிதலும் உடலியல்பு. ஆகலின் வெளிவிடும் மூச்சை நீட்டுதல் உடலையும் உடன் அமைதிப்படுத்தும். எண்ணம் திரும்ப வரும். வரட்டும்; திரும்பவும் பெயரைச் சொல்லுக. செய்யத்தக்கது ஏதேனும் அவ்வெண்ணத்துள் இருக்குமாயின், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, விடிந்ததும் முதல் வேலையாக அதனைச் செய்க. பதினொரு நாள் காத்திருக்கற்க.

மாணாக்கரிடத்தும் இது வேண்டப்படுவது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் சிறுவன் ஒருவன் நம் வகுப்பில் இருக்கின்றான். விடையைச் சரியாகவே எழுதுவான். பின் அழிறப்பரை எடுத்து அழித்து வேறு எழுதுவான். அதனையும் அழித்து முந்தியதையே எழுதுவான். மணியடிக்கும்போது பாதிக் கணக்கும் முடிந்திராது. “கவனமின்மை” என்று முன்னே அவன் கொப்பியில் எழுதிவந்தோம். அவனுக்கு இருந்ததோ கவனத்தின் மிகை. தவறினால் வீட்டில் அப்பா பேசாதிருப்பார் என்று பின்னர் ஒருநாள் தானே சொன்னான். இப்போது, ஒருமுறை சரிபார்த்தபின் பென்சிலை மேசைமேல் வைத்து, ஒரு நெடுமூச்சு விட்டு, அடுத்த கணக்குக்குப் போகும்படி பழக்கிவருகின்றோம். தந்தையாரையும் அழைத்துப் பேசினோம். இன்னும் அழிக்கத்தான் செய்கின்றான். ஆயினும் இத்தவணைக் கொப்பியிலே தாள் கிழிந்த இடங்கள் குறைந்திருக்கின்றன.