எண்ணிக்கையில் மறையும் பிள்ளை



நாலு பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறினால் இக்காலத்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அதில் ஆச்சரியமில்லை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 1.8 பிள்ளைகளே. என்றாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று கம்பெனிகளை அண்டிக் குடியிருக்கும் நம்மிடையே பெரிய குடும்பங்கள் இல்லாமற் போகவில்லை. நாலும் ஐந்தும் பெற்றவர்கள் சிலர். அண்ணனும் தம்பியும் ஒரே வாசலில் குடியிருந்து, ஊரிலிருந்து வந்த அக்காள் மகனையும் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் ஏழு தட்டு வைக்கிறவர்கள் வேறு சிலர். இந்தப் பாடம் இரு வகையாருக்கும் உரியது.

இவ்வீடுகளின் சந்தோஷம் வெளியாருக்குத் தெரியாது. ஒரு சட்டை மூன்று பேருடைய புதுநன்மையைப் பார்த்திருக்கும். ஒருவன் பிறந்த நாள் என்றால் எல்லோருக்கும் பாயசம். கடைக்குட்டிக்கு நடை பழக்கத் தாய் வேண்டாம், இழுத்துக்கொண்டு திரிய நாலு கைகள் உண்டு. பட்டாணிக்கடலைப் பொட்டலத்தை எண்ணிப் பங்கு போடுவதில் இப்பிள்ளைகளுக்குள்ள நியாய புத்தி கோர்ட்டாரிடமும் இராது.

விபத்துகளுக்கும் குறைவில்லை. ஒருவனுக்கு அம்மை கண்டால் வேப்பிலை வாசலைவிட்டு இறங்க ஒன்றரை மாதம் ஆகும். ஒருத்தி தலையில் பேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திண்ணையில் சீப்பும் கையுமாகப் போகும். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் இடது கால் செருப்பு மாத்திரம் காணாமற் போகும். பூசை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகு ஒரு தலை குறைகிறதே என்று ஓடி வந்து, பிள்ளை சொரூபத்தடியில் தூங்குவதைக் கண்டெடுத்த கதையைச் சொல்லாத பெரிய குடும்பம் உண்டோ?

இதற்காக வெட்கப்பட வேண்டாம். சூசையப்பருக்கும் தேவமாதாவுக்குமே இது நேர்ந்ததென்று அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எருசலேம் திருநாள் முடிந்து உறவின்முறையார் கூட்டமாகத் திரும்புகையில், பன்னிரண்டு வயதுப் பாலகன் கூட்டத்தில் எங்கேயோ வருகிறார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அங்கே அன்புக்குக் குறைவில்லை. கூட்டம் பெரியது, அவ்வளவே. பெரிய குடும்பத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் “பிள்ளை மற்றவரிடம் இருக்கிறது” என்று நம்பியிருக்கிறோம்.

கோவிலில் விட்டுவந்த பிள்ளையை அரைமணியில் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே காணாமற் போகிற பிள்ளையைப்பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்னும் ஊரில் லூயி மார்த்தேன், செலி என்னும் தம்பதிகள் இருந்தார்கள். 1858-ல் விவாகம் செய்துகொண்டவர்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களில் நாலு பேரை இளம் வயதிலேயே புதைத்தார்கள். மிஞ்சிய ஐந்து பெண்களில் கடைசிப் பிள்ளைதான் நாம் நன்றாய் அறிந்த அர்ச். குழந்தை தெரேசம்மாள். தாயும் தகப்பனும் 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி ஒன்றாக அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்கள்.

இவர்கள் வீடு நம்முடையதைப் போல வேலைக்கார வீடு. செலி அம்மாள் உயர்ந்த ரக லேஸ் பின்னும் தொழில் நடத்தினாள். பல பெண்களுக்கு வேலை கொடுத்து, தானும் பின்னினாள். கடிகாரத் தொழில் செய்த கணவர் 1870-ல் தம் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். (மனைவி நைட் ஷிப்ட் போகும் வாரத்தில் அடுப்படிக்குள் நுழையத் தயங்கும் ஆண்மக்கள் இதைக் கவனிக்க.) அம்மாள் எழுதிய இருநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் ஜெபம் இருப்பதுபோலவே பல்வலியும், பிள்ளைகளின் பிடிவாதமும், முடியாத வேலையும் இருக்கின்றன. குழந்தை தெரேஸ் மாடிப்படி ஏறும்போது படிக்கொருதரம் “அம்மா” என்று கூப்பிடுவாளாம். தாய் பதில் சொல்லத் தவறினால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவாளாம்.

கூப்பிடத் தெரிந்த பிள்ளைக்குப் பதில் கிடைத்தது. மூன்றாவது மகள் லெயோனிக்குக் கூப்பிடத் தெரியவில்லை. 1863-ல் பிறந்த இவள் நோஞ்சான், படிப்பு மட்டு, பிடிவாதக்காரி. பெரியன்னையார் இருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தாள். மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வந்தாள். தாய் இவளுக்காக அழுதாள், வேண்டிக்கொண்டாள், காரணம் விளங்காமல் தவித்தாள்.

காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பதினொரு வருஷமாய் இருந்த பணிப்பெண் ஒருத்தி, எஜமானியிடம் உண்மையான பற்றுள்ளவள், லெயோனியை அடித்தும் மிரட்டியும் தனக்கு மாத்திரம் கீழ்ப்படியும்படி அடக்கி வைத்திருந்தாள். பெரியவர்கள் கண்ணுக்கு, “அவள் சொன்னால்தான் இந்தப் பெண் கேட்கிறது” என்பது உபகாரமாகவே தோன்றியது. 1877-ல் மூத்தவள் மரிதான் இதைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. செலி அம்மாளுக்கோ புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்தது. அதே நிமிஷம் லெயோனியைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். அந்தச் சில மாதங்களில் பிள்ளை மாறிவிட்டாள். தாயைவிட்டு நகர மனமில்லாதவளானாள். ஆகஸ்ட் 28-ந் தேதி தாய் இறந்தாள்.

அந்த லெயோனி மடத்தில் சேர்வதும் திரும்புவதுமாய் மூன்று முறை தோற்று, 1899-ல் கான் நகரத்து மினவுதல் சபையில் நிலைத்தாள். 1941-ல் 78-வது வயதில் அங்கேயே இறந்தாள். இவளுக்கும் அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுப்பதற்கான விசாரணை 2015-ல் தொடங்கியிருக்கிறது.

தாய் தகப்பன் இருவரும் அர்ச்சியசிஷ்டவர்களாயிருந்த வீட்டில் வருஷக்கணக்காய் இது தெரியாமலிருந்தது. நம் வீட்டில் தெரிந்துவிடும் என்று எண்ணலாமா?

நம் பக்கத்து வீடுகளின் ஏற்பாட்டைப் பாருங்கள். தகப்பன் இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்தில் தாய் முதல் ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருப்பாள். ஒற்றை அறையில் அவர் தூங்க வேண்டும்; ஆகையால் பகல் முழுவதும் “உஷ்!” இந்த வீட்டில் சத்தம் போடாத பிள்ளைக்கே “தங்கமான பிள்ளை” என்று பேர். அது தங்கமா, பயமா என்று யார் பார்த்தோம்? சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காளிடம் விடுகிறோம், டியூஷன் மாஸ்டரிடம் விடுகிறோம், வேன் டிரைவரிடம் ஒப்படைக்கிறோம். எல்லோரும் நல்லவர்களாயிருக்கட்டும். ஆனாலும் யாரோ ஒருவர் பேரைக் கேட்டதும் ஒரு பிள்ளை முகம் சுண்டினால், விட்டுப்போன படுக்கை நனைக்கும் வழக்கம் திரும்பினால், அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதால், “அடம்” என்று அடிக்கக் கை ஓங்காமல் மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். அடியோ, வேறு கெட்ட காரியமோ என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு இல்லை. குடும்ப மானம் என்று மூடி வைத்தால் அந்த மானத்துக்கு விலை கொடுப்பது பிள்ளையே.

எல்லாரையும் ஒரே நேரத்தில் கவனிக்க யாராலும் முடியாது. ஒவ்வொருவராய் முடியும். பால் வாங்கப் போகையில் ஒரு பிள்ளையை மாத்திரம் கூட்டிப்போங்கள்; நாளைக்கு வேறொன்று. போக வர பத்து நிமிஷம், கையில் செல்போன் வேண்டாம். முதல் மூன்று நாள் ஒன்றும் பேசாது. நாலாம் நாள் நடுப்பிள்ளை வாய் திறக்கும். முறை தவறினால் பிள்ளைகளே கணக்குக் காட்டுவார்கள், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக மூத்த பெண். பெரிய குடும்பத்தில் இவள் சின்ன அம்மாள். சடை பின்னுவது, ஊட்டுவது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவளே. அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2022 முதலும், கிராமப்புறத்து உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளில் 2024 முதலும் காலைச் சிற்றுண்டி கொடுப்பதால், சின்னவர்களுக்கு விடியற்காலையில் இட்லி ஊற்றும் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்த அரைமணியை அவளுடைய புஸ்தகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். மார்த்தேன் வீட்டிலும் மரி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் 1868 முதல் 1875 வரை அவளை மடத்துப் பள்ளியில் தங்கவைத்து, படிப்பு முடிந்த பிறகே வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். உங்கள் மூத்தவளுக்கு இந்த வருஷம் என்ன பரீட்சை, என்றைக்கு ஆரம்பம் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றிரவு சாப்பாட்டுக்கு முன் கேளுங்கள்.