கெக்கோ முட்டைக்குச் சிக்கன இன்குபேட்டர்

பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் லெப்பர்ட் கெக்கோ பல்லி வளர்ப்பவர்கள் விலை உயர்ந்த இன்குபேட்டருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மீன்தொட்டி ஹீட்டரை முழுக்க மூழ்கும்படி வையுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் செங்கல் மீது முட்டை டப்பாவை வைத்து மூடிவிடுங்கள்.

டப்பாவுக்குள் வெர்மிகுலைட்டும் அதே எடைத் தண்ணீரும். பிழிந்தால் சொட்டக் கூடாது. டப்பா மூடியில் ஓரிரு சிறு துளைகள் போதும்.

முட்டையை எடுக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். பல்லி இட்டபோது மேலே இருந்த பக்கத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கடைசிவரை அது மேலேயே இருக்கட்டும். கோழி முட்டையைப் போலத் திருப்பினால் கரு இறந்துவிடலாம். ஒரு வாரம் கழித்து இருட்டில் சிறு டார்ச் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது.

குட்டி ஆணா பெண்ணா என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது: 26-28 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண், 32-ஐ ஒட்டி பெரும்பாலும் ஆண். ஹீட்டரில் உள்ள எண்ணை நம்பாமல், டிஜிட்டல் தெர்மாமீட்டரின் சென்சாரை முட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சூட்டைப் பொறுத்து ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பொரியும். முட்டைத் தோலைக் கிழித்து உதவ வேண்டாம்.