நாட்பட்ட சிறுநீர்ப்பை வலி: மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரி, மிளகுக்கும் சுக்குக்கும் பெயர்பெற்ற பழைய வாணிபத் தலம். மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகளும் அங்கே வழங்குகின்றன. ஆயினும், மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டிய நோயாளி அதைப் படித்தறிய இயலாவிடில், மருந்தே தீங்காக முடியலாம். நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

சிறுநீர்ப்பை நிறையும்போது அடிவயிற்றில் வலியும் அழுத்தமும் தோன்றுதல், சிறுநீர் கழித்தபின் அவை சற்றுத் தணிதல், இரவும் பகலும் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாம். இவை ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, கிருமித் தொற்று முதலிய வேறு காரணம் எதுவும் காணப்படாவிடில், மருத்துவர் இந்நோயைக் கருதுவார். இதற்கு இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்ற பெயரும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி. சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காக்கும் மெல்லிய பூச்சு பழுதுறுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சிறுநீர்ப்பைக் காசம், கல், புற்றுநோய் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். ஆகவே சிறுநீரில் இரத்தம் தோன்றினாலும், காய்ச்சல் இருந்தாலும், உடல் மெலிந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

கிருமிக்கொல்லி மருந்துகள்

எரிச்சல் கண்டதும் சிலர் பழைய சீட்டைக் காட்டிக் கிருமிக்கொல்லி மாத்திரைகளை வாங்கி உண்கின்றனர். கிருமி இல்லாதவிடத்து இம்மருந்து பயன் தராது; கிருமிகள் மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெறவும் வழிசெய்யும். நைட்ரோபுரான்டாயினை நெடுநாள் உண்டால் நுரையீரலும் நரம்புகளும் பழுதுறலாம். எனவே, சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, முடிவை அறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடர்வது முறையாகும்.

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள 'எச்' அட்டவணை மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றல் ஆகாது. புதிய கிருமிக்கொல்லிகள் பலவற்றைக் கொண்ட 'எச் 1' அட்டவணை 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். சீட்டின்றிக் கிருமிக்கொல்லி விற்பதைத் தடுக்கக் கேரள அரசு 2024-இல் 'ஆப்பரேஷன் அம்ருத்' என்ற பெயரில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது.

வலிக்குத் தரப்படும் மருந்துகள்

அமிட்ரிப்டிலின்: மனச்சோர்வுக்கென வழங்கும் மருந்தாயினும், சிறிய அளவில் நரம்பு வலியையும் தணிக்கும். பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். "எனக்கு மனநோயா?" என்று அஞ்சி நோயாளி மருந்தை விட்டுவிடாதவாறு இதனை முன்னரே விளக்குக. தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை நேரலாம். கண்ணழுத்த நோயும் இருதய நோயும் உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். மதுவுடன் சேர்த்தல் ஆபத்து. மருந்தைத் திடீரென நிறுத்துதலும் கூடாது. குழந்தை ஒருசில மாத்திரைகளை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆதலின் பூட்டி வைத்தல் இன்றியமையாதது.

ஹைட்ராக்சிசின்: ஒவ்வாமைக்குரிய மருந்து. இதுவும் உறக்கம் தரும். படகு ஓட்டுவோரும், கிடங்கில் மூட்டை அடுக்கின்மேல் ஏறுவோரும் தம் தொழிலை மருத்துவரிடம் கூறுதல் நலம்.

பெனசோபிரிடின்: எரிச்சலைத் தணிக்கும், சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். நிறத்தைக் கண்டு இரத்தமென அஞ்ச வேண்டாம். இது ஓரிரு நாள்களுக்கே உரியது. சிறுநீரக நோயுடையோர்க்கு ஆகாது.

பென்டோசான் பாலிசல்பேட்: சிறுநீர்ப்பையின் உட்பூச்சைச் சீர்செய்வதாகக் கருதப்படும் மருந்து. வழக்கமான அளவு 100 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ நீருடன் உட்கொள்வர். பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். இரத்தம் உறைவதைச் சிறிது தடுக்கும் இயல்புடையதாதலால், ஆஸ்பிரின், வார்பரின் முதலியவற்றை உண்போர் அதை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். இம்மருந்தை நெடுநாள் உண்டவர்களிடம் விழித்திரைப் பழுது காணப்பட்டதை அமெரிக்காவின் அட்லாண்டா நகர்க் கண் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்டனர். 2020-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் குறிப்பில் இவ்வெச்சரிக்கையைச் சேர்த்தது. ஆகவே மருந்தைத் தொடங்கும் காலத்தில் ஒரு முறையும், பின்னர் அவ்வப்போதும் கண் பரிசோதனை தேவை. எழுத்துக்களைப் படிப்பது கடினமானாலோ, மங்கிய ஒளியில் பார்வை பழகத் தாமதித்தாலோ உடனே மருத்துவரை அணுகுக.

மூலிகை மருந்துகளும் மருந்தே

மூலிகை அறிவில் கொச்சிக்குப் பழம்புகழ் உண்டு. டச்சுத் தலைவர் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி அறிஞர் மூவரும் துணைநின்றனர். அப்பெருமை ஒருபுறமிருக்க, மூலிகை யாவும் தீங்கற்றவை என்று எண்ணுதல் பிழை. ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் விளைவிக்கும். ஆதலால் உண்ணும் சூரணம், கஷாயம் அனைத்தையும் மருத்துவரிடம் மறையாது கூறச் செய்க.

ஊழியர் கடமைகள்

1. மருந்தின் பெயர், அளவு, வேளை, காரணம் ஆகியவற்றை நோயாளியின் தாய்மொழியில் ஒரு தாளில் எழுதித் தருக. அதை அவரே திருப்பிச் சொல்லக் கேட்டுச் சரிபார்க்க.

2. வணிகப் பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். ஒரே மருந்தை இரு பெயர்களில் உண்ணாதபடி காக்க.

3. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக உண்ணல் ஆகாது.

4. மழைக்காலத்தின் ஈரம் மருந்தைக் கெடுக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைக்க வேண்டாம்.

5. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் அதை முன்னதாகவே மருத்துவரிடம் கூறச் செய்க.

6. மருந்தினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவருக்கு அறிவிப்பதுடன், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024 மூலமும் தெரிவிக்கலாம்.

வினாக்கள்

1. சிறுநீர் எரிச்சலுக்குப் பழைய சீட்டைக் கொண்டு கிருமிக்கொல்லி வாங்குவது ஏன் தவறு?

2. பென்டோசான் உண்பவருக்குக் கண் பரிசோதனை எதற்கு?

3. சிறுநீர் செந்நிறமாயிற்று என்று வருபவரிடம் நீர் முதலில் கேட்க வேண்டுவன யாவை?