லென்ஸைக் கழற்றிய பிறகே கண்ணை அளக்கக் கொடுங்கள்

திருமயத்திலிருந்து லேசிக் சிகிச்சைக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்புகிறவர்கள், பஸ் ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் கழற்றிக்கொள்ளலாம் என்று போனால், பெரும்பாலும் "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஸ் காசும் ஒரு நாள் வேலையும் வீண்.

ஏன் இந்தக் கெடுபிடி? கண்ணுக்குள் போகும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கருவிழியின் மேலுள்ள கார்னியா படலம். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்த நாளம் கிடையாது. விழித்திருக்கும்போது ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. மேலே லென்ஸ் உட்கார்ந்தால் அந்த வரத்து குறைந்து படலம் லேசாக வீங்கும். கெட்டி லென்ஸ் என்றால் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் இப்படிப் போட்டால் ஓரிடம் தட்டையாகி இன்னோரிடம் மேடு தட்டலாம். படலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் டோபோகிராபி படத்தில் இது கெரடோகோனஸ் என்ற கூம்பு வடிவ நோய் போலவே தெரிவதும் உண்டு. இல்லாத நோயைச் சந்தேகிக்க வைப்பது ஒரு தொல்லை; தவறான அளவை நம்பி லேசரில் படலத்தைச் செதுக்குவது அதைவிடப் பெரிய தொல்லை. செதுக்கியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

முதலில், நீங்கள் போடுவது எந்த வகை என்று டப்பாவைப் பார்த்தோ வாங்கிய ஆப்டிகல்ஸில் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். சாஃப்ட் லென்ஸ் என்றால் அளவெடுக்கும் நாளுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். சிலிண்டர் பவர் உள்ள டோரிக் சாஃப்ட் லென்ஸுக்கும் காற்று புகும் கெட்டி லென்ஸுக்கும் 3 வாரம், பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக் லென்ஸுக்கு 4 வாரம். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும் கணக்கு இது. பல வருடம் போட்டவர்களுக்கு இன்னும் கூடலாம். உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. கல்யாணத்துக்குப் போடும் கலர் லென்ஸும் இதில் அடக்கம். இடையில் ஒரு விசேஷத்துக்காகப் போட்டுவிட்டால், நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

நிறுத்துவதற்கு முன், சுமாராகவாவது பார்வை தெரியும் மூக்குக்கண்ணாடி ஒன்று கையில் இருக்கட்டும். கழற்றிய முதல் நாட்களில் அதே கண்ணாடி மங்கலாகத் தோன்றலாம். படலத்தின் வடிவம் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பதால் வரும் மங்கல் அது. அதற்காக உடனே புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்காதீர்கள், அடுத்த மாதமே பொருந்தாமல் போகலாம். பார்வை தெளியும்வரை ராத்திரியில் காரைக்குடி ரோட்டில் வண்டி ஓட்டுவதையும் தள்ளிப்போடுங்கள். ஆனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அது வடிவ விவகாரமல்ல. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

படலம் வளையும், நிறுத்தினால் திரும்பும் என்பதையே சிகிச்சையாக்கியும் இருக்கிறார்கள். ஆர்த்தோ-கே லென்ஸை ராத்திரி போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றினால், பகலில் கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம். டாக்டர் கண்காணிப்பில், அதற்கென்றே செய்த லென்ஸோடு நடப்பது அது. சாதாரண லென்ஸோடு தூங்குவது வேறு. கிருமித்தொற்றுக்குக் கதவு திறப்பது போல. போர் தண்ணீரிலோ பைப் தண்ணீரிலோ லென்ஸைக் கழுவுவதும் அப்படித்தான்.

போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் லென்ஸ் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், கடைசியாக என்றைக்குக் கழற்றினீர்கள் என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் சொல்ல வேண்டும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை கார்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஒரே அளவோடு திருப்தியடையாதீர்கள். முன்பு போட்ட லென்ஸ் படலத்தின் வடிவத்தை மாற்றியிருந்தால், சில நாள் இடைவெளியில் இரண்டாம் முறை அளந்து, டோபோகிராபி படமும் சிலிண்டர் பவரும் அதன் கோணமும் ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள். மாறியிருந்தால் லென்ஸ் போடாமலே மூன்றாவது தேதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தேதியிட்ட படத்தின் பிரதியை வாங்கி ஃபைலில் வையுங்கள்.