புத்தளக் கரையோர வணிகத்தில் வாடிக்கையாளர் பதிவுகளைத் தானியக்கமாகச் சேர்த்தல்

வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு விவரம், கொள்வனவு வரலாறு ஆகியவற்றை ஓரிடத்தில் பேணும் மென்பொருள் வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவ முறைமை எனப்படுகிறது. கற்பிட்டியின் சுற்றுலா விடுதியோ, டொல்பின் பார்க்கச் செல்வோரை ஏற்றும் படகுச் சேவையோ, சிலாபத்து இறால் பண்ணைகளுக்குத் தீவனம் கடனுக்கு விற்கும் கடையோ இதற்கு மாறும்போது, முன்பதிவுத் தளங்களிலும் எக்ஸெல் கோப்புகளிலும் உள்ள பதிவுகளை இரவுதோறும் ஆள் தலையீடின்றிச் சேர்க்கும் தானியக்கம் விரும்பத்தக்கதே. ஆயினும், ஒரு பிழையான விதி ஒரே இரவில் எல்லாப் பதிவுகளையும் கெடுக்கவல்லது என்பதால், தானியக்கம் முதன்மை அட்டவணையில் நேரடியாக எழுத ஒருபோதும் இடமளிக்கலாகாது.

முதற் சிக்கல் அடையாள எண்ணில் எழுகிறது. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது; 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கங்கள் கொண்டது. 851234567V என்பதும் 198512304567 என்பதும் ஒருவரையே குறிப்பதால், பிறந்த ஆண்டுக்கு முன் 19ஐயும் நாளெண்ணுக்குப் பின் 0ஐயும் சேர்த்துப் பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடல் வேண்டும். நாளெண் என்பது, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்கள் எனக் கொண்டு, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதாகும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படுவதால், பதிவிலுள்ள பிறந்த திகதியையும் பாலினத்தையும் இதனைக்கொண்டே சரிபார்க்கலாம். எக்ஸெல் 12 இலக்க எண்ணைச் சுருக்கி 1.98512E+11 எனக் காட்டுவதுடன், அந்நிலையிலேயே காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட (CSV) கோப்பாகச் சேமித்தால் எஞ்சிய இலக்கங்களை முற்றாக இழந்துவிடும். தொலைபேசி எண்ணின் முதற் சுழியமும் அவ்வாறே மறையும். ஆகவே இந்நிரல்களைத் தொடக்கத்திலேயே எழுத்து வகையாக அறிவித்தல் இன்றியமையாதது.

தொலைபேசி எண்ணை அடையாளமாகக் கொள்வது அடையாள எண்ணைக் கொள்வதினும் ஆபத்தானது. ஒரு கைப்பேசியை வீட்டார் பலர் பயன்படுத்துவதும், முஹம்மத், முகமது, முகம்மது எனப் பெயர் பலவாறு எழுதப்படுவதும் இக்கரையில் இயல்பாதலால், எண்ணும் பெயரும் ஏறத்தாழ ஒத்தன என்பதற்காக மென்பொருள் தானே இரு பதிவுகளை இணைக்குமாயின், அண்ணனின் கடன் தம்பியின் கணக்கில் ஏறிவிடும். இரட்டைப் பதிவைப் பின்னர் களையலாம். பிழையாக இணைந்த இருவரைப் பிரிப்பது மிக அரிது. எனவே ஐயத்துக்குரியவற்றைத் தனி வரிசையில் நிறுத்தி, ஊரறிந்த பணியாளர் ஒருவரின் முடிவுக்கு விடுதலே தக்கது.

முகவரியும் இங்கு எளிதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அத்தகைய குடும்பத்துக்கு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு முகவரியும் இங்கு ஒன்றும் இருக்கக்கூடும், இரண்டும் மெய்யானவை. புதியது பழையதை அழிக்கும் என்ற பொது விதி அவர்தம் சொந்த ஊரைப் பதிவிலிருந்தும் நீக்கிவிடும் என்பதால், இரண்டையும் வகைகுறித்துப் பேணுதல் நீதியுமாகும்.

இவற்றுக்கெல்லாம் இடமளிப்பது இடைநிலை அட்டவணை, அதாவது சரிபார்ப்பு முடியும் வரை பதிவுகள் தங்குமிடம். இரவுதோறும் சேரும் ஒவ்வொரு பதிவுத் தொகுதிக்கும் ஓர் எண்ணும், மாற்றத்துக்கு முந்தைய பெறுமதியின் பிரதியும் இருப்பின் அத்தொகுதியை மட்டும் மீளப்பெறலாம். மூலக் கோப்பின் வரிசை எண்ணையும் பேணினால், அதே கோப்பு மறுமுறை ஓடினாலும் பதிவுகள் இரட்டிக்கா.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவே தரவு திரட்டப்பட வேண்டும் என்கிறது. கடனுக்கு விற்கும் தீவனக் கடைக்கு அடையாள எண் தேவைப்படலாம். ஒரு காலைப் படகுப் பயணத்துக்குப் பெயரும் தொடர்பெண்ணும் போதுமாயின், பழைய கோப்பில் இருக்கிறது என்பதற்காக அடையாள எண் நிரலை உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை.