ஓ-ரிங் செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் கைக்குக் கிடைத்த ஸ்ப்ரேயையெல்லாம் அடிக்கக் கூடாது. ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து, இரு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அந்த ரப்பர் கெட்டால் கிரீஸ் வெளியேறும்; தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். போன கிரீஸை எந்த ஸ்ப்ரேயும் திருப்பி வைக்காது. வெளியே அடிக்கும் லூப் (மசகு) ரப்பரைக் காயவிடாது, துருவைத் தடுக்கும், ரோலரும் ஸ்ப்ராக்கெட் பல்லும் தேயாமல் காக்கும். அதற்கு மேல் எதுவும் செய்யாது.

செய்ய வேண்டியவை

• செயின் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீழே உள்ள ஒவ்வொன்றும் உங்களுக்குத்தான்.

• கேனில் ‘ஓ-ரிங் சேஃப்’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று கடைக்காரர் சொல்வது போதாது.

• செயின் லூப் கிடைக்காவிட்டால் 80 அல்லது 90 கிரேடு கியர் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். பல வண்டிகளின் மேனுவலே இதை அனுமதிக்கிறது. உங்கள் வண்டியின் மேனுவலையும் ஒருமுறை பாருங்கள்.

• மண்ணெண்ணெயையோ ஓ-ரிங்குக்கு ஏற்ற செயின் கிளீனரையோ நைலான் பிரஷ்ஷில் தொட்டு அழுக்கை எடுங்கள். இவை ரப்பரை அரிக்காது. உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

• இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். விரல் பத்திரமாக இருக்கும்.

• வண்டி ஓட்டி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது லூப் அடியுங்கள். இரவில் அடித்தால் காலைக்குள் நன்றாகப் படிந்துவிடும், ஓடும்போது தெறிக்காது.

• கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் அடியுங்கள். சுழலும் வேகமே லூப்பை வெளிப்பக்கம் தள்ளிப் பரப்பும்.

• டயரையும் பிரேக் டிஸ்க்கையும் பழைய பேப்பரால் மறையுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

• மழையில் ஓட்டினால் அன்றைக்கே துடைத்து லூப் போடுங்கள். துரு ஒரே இரவில் ஏறிவிடும்.

செய்யக்கூடாதவை

• பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் எதையும் செயினில் படவிடாதீர்கள். ரப்பர் உப்பும் அல்லது வெடிக்கும்.

• சாதாரண டபிள்யூடி-40 அடித்துவிட்டு லூப் போட்டாயிற்று என்று கிளம்பாதீர்கள். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான கலவை. அதன் மெல்லிய படலம் செயினின் சுமைக்கு நிற்காது. அந்த நிறுவனமே பைக் செயினுக்குத் தனி லூப் விற்கிறது.

• வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூச விடாதீர்கள். அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கும்.

• செயின் மேல் கிரீஸை அப்பாதீர்கள். மண் ஒட்டி, உப்புத்தாள் போல வளையத்தையும் பல்லையும் தேய்த்துவிடும்.

• வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கம்பி ரப்பரைக் கிழிக்கும்.

• செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள். நேரம் ஆக ஆக அது வளையத்தைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கரைக்கும்.

• வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைச் செயினுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். தண்ணீரோ டீசலோ, அந்த வேகத்தில் வளையத்தைத் தாண்டிப் புகுந்துவிடும்.

• இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு ஒருபோதும் துடைக்காதீர்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்தே போகும்.

• சூடான சைலன்சர் பக்கமோ நெருப்பின் அருகிலோ ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கேனில் இருக்கும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது.

இன்று வண்டியை நிறுத்தியதும் டார்ச் அடித்துச் செயினைப் பாருங்கள். வளையம் காணாமல் போயிருந்தால், தகடுகளுக்கு நடுவே செம்பழுப்புத் தூள் தெரிந்தால், சில இணைப்புகள் மடங்காமல் விறைத்து நின்றால், உள்ளே கிரீஸ் போய்விட்டது என்று அர்த்தம். இனி லூப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளோடு செயின் செட்டையே மாற்றுங்கள். ஓடும்போது செயின் அறுந்தால் ஆபத்து உங்கள் உயிருக்கு.