டெலீட் கீயில் கை வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

சுண்ணாம்பாறு படகுத்துறையில் எடுத்த ப்ரீ-வெட்டிங் படங்களால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, ஆல்பமும் கொடுத்தாயிற்று, இனி ரா ஃபைல்களை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் கட்டிக்காக்கச் சொல்லமாட்டேன். ஒரே படகு, ஒரே சிரிப்பு, அடுத்தடுத்து இருபது ஷாட் என்றால் இரண்டு போதும். கண் மூடியதற்கும் ஃபோகஸ் தவறியதற்கும் யாரும் புது டிஸ்க் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே நின்று அழிக்கிறாய் என்று பார். நீ படம் திருத்தும் லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் ஒரு மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி. எந்தப் படம் எந்த ஃபோல்டரில், வெளிச்சம் எவ்வளவு கூட்டினாய் என்பதெல்லாம் அதில் இருக்கும். சரக்கு இருப்பது டிஸ்கில். லைப்ரரியில் டெலீட் கீயை அழுத்தினால் அது கேட்கும்: லைட்ரூமிலிருந்து மட்டும் நீக்கவா, டிஸ்கிலிருந்தே அழிக்கவா? முதலாவதைச் சொன்னால் ஒரிஜினல் அப்படியே கிடக்கும், டிஸ்கில் இடம் கிடைக்காது. கலெக்‌ஷனுக்குள் நின்று அழுத்தினால் அந்தத் தொகுப்பிலிருந்து மட்டுமே போகும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் நேராகப் புகுந்து அழிப்பதுதான் வம்பு. லைட்ரூமில் சின்னப் படம் தெரிந்துகொண்டே இருக்கும், மூலையில் ஆச்சரியக்குறியோடு. பிரின்ட்டுக்கு எக்ஸ்போர்ட் பண்ணப் போகும்போதுதான் ஒரிஜினல் இல்லை என்று தெரியும்.

லைட்ரூமை மூடும்போது அது எடுக்கிற பேக்கப்பும் கேட்டலாக்குக்கு மட்டும்தான். படங்களை இன்னொரு டிஸ்கில் நீதான் போட்டு வைக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். போனில் கூகுள் போட்டோஸ் வேறு ரகம்: அங்கே அழித்தால் கிளவுடிலும் போய்விடும். பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும், அவ்வளவே.

ஷூட் முடிந்த இரவே அழிக்காதே. வேண்டாததற்கு எக்ஸ் அழுத்தி ரிஜெக்ட் மட்டும் போட்டு வை. சில வாரம் கழித்துப் பார்த்தால் அதில் சிலதை நீயே எடுத்துக்கொள்வாய். அழகாக இல்லை என்பதற்காக மட்டும் எதையும் தள்ளாதே. புதுச்சேரி செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில்களை எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் கலை நயம் பார்க்காத பதிவுப் படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரைத் திருடி விற்றார்கள்; அதை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தச் சிலை நம்முடையதுதான் என்று காட்ட உதவியது, கோயிலில் இருந்தபோது 1994இல் இந்த நிறுவனம் எடுத்து வைத்த படம். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். நடுவில் யாராவது "இது எதற்கு?" என்று அலமாரியைக் காலி செய்திருந்தால்?

அதனால் ஜோடி இல்லாத அகலமான ஷாட்டுகளை, படகோட்டியும் கரையும் மட்டும் விழுந்த ஃப்ரேம்களை வைத்துக்கொள். அந்தப் படகுகள் போகும் பாரடைஸ் பீச் மணல் மழைக்காலத்துக்கு மழைக்காலம் மாறுகிறது. கல்யாண மண்டபப் படங்களில் பந்தியும் பெரியவர்களும் இருப்பது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த கொட்டேஷனில் ஒரிஜினலை எத்தனை மாதம் வைத்திருப்பாய் என்று ஒரு வரி சேர். டிஸ்க் செலவையும் அதிலேயே போட்டுவிடு. கெடு முடிகிற வாரம் கல்யாண வீட்டாருக்கு ஒரு போன் பண்ணு. டிஸ்க் கொண்டுவந்தால் காப்பி போட்டுக் கொடு.

அன்புடன்,
அண்ணன்
நோணாங்குப்பம்